பாயிண்ட் நம்பர் பதினேழு

ஐந்தரைக்கு ரோல்கால்.
கூப்பிட்டது என் பெயரை அல்ல, என் நம்பரை.
காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை
இருபத்தெட்டு பாயிண்ட்.
பதினேழு எனக்கு:
ஒரு டிரான்ஸ்பார்மர், மூடிய பரோட்டாக் கடை,
கடலை மறித்துக் கொட்டிய கருங்கல்.

அமைச்சர் பதினொன்றுக்கு வருவார் என்றார்கள்.
வயர்லெஸ் பன்னிரண்டு என்றது.
பிறகு இரைச்சல் மட்டும்.

பந்தோபஸ்து நாளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை.
எந்தக் கையேட்டிலும் இல்லாத விதி.
சேர்ந்த முதல் மாதம், பக்கத்தில் நின்றவளின்
வெடித்த உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பதினெட்டில் நின்ற மோகனசுந்தரம்
கருங்கல்லுக்குப் பின்னால் போய்
கடலைப் பார்த்துவிட்டு வந்தான்.
மதியத்துக்குள் மூன்று முறை.
கடல்மேல் அவ்வளவு ஆசை.

போன மாதம் எங்களுக்கு ஒரு வகுப்பு.
ஏசி அறை. திரையில் உலக வரைபடம்.
காவல்துறையில் பெண்கள் நூற்றுக்கு எத்தனை என்று
நாட்டுக்கு நாடு நீலம் தீட்டியிருந்தார்கள்.
சில நாடுகள் இடுப்பளவு நீலத்தில் நின்றன,
சில கணுக்காலளவு.
கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள்.
பசி நேரம். யாரும் கேட்கவில்லை.
என் பேட்ச் சகாயமேரி
அமைதிப்படையில் தேர்வாகி எங்கோ போனவள்,
முதல் வாய்ஸ் மெசேஜில்
நாட்டின் பெயருக்கு முன்னால் இதைச் சொன்னாள்:
"இங்க பாத்ரூமுக்குக் கதவு இருக்குடி."

ஒன்றரை மணி.
அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள் வேறு.

பரோட்டாக் கடைச் சந்தில் ஒரு கதவு திறந்தது.
மீன் அன்னக்கூடையைக் கவிழ்க்க வந்தவள்
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
தொப்பியைத் தாழ்த்திக்கொண்டேன்.
அவளைத் தெரியும். பெயரும் தெரியும்,
வேனில் உட்கார்ந்து எழுதியவள் நான்தான்:
அஞ்சலாட்சி, க/பெ தேசப்பன்.

ஆலைத் தண்ணீர் ஆற்றில் கலக்கிறதென்று
நடுரோட்டில் உட்கார்ந்த நாற்பது பேரில் ஒருத்தி.
பெண்களை ஆண்கள் தொடக் கூடாது,
அதனால் எங்களை ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.
அவள் இடது கை என் பங்கு.
வளையல் என் உள்ளங்கையில் உடைந்தது.
ஐஸ் பாளம் போலக் கனத்தாள்,
பிடிக்கப் பிடிக்க வழுக்கினாள்.
மறுநாள் பேப்பரில் வந்த படத்தைப் பார்த்து
என் பையன் கேட்டான்:
"யாரும்மா இவங்க, ஏன் கட்டிப் புடிச்சிக்கினு கீற?"

"இன்னா, நிக்க முடியலயா?"
நான் பேசவில்லை.
"அன்னிக்கு என்னை வேனுல ஏத்துனது நீதான?"
"ஆமா."
"நல்லா புட்ச்ச. கை இன்னும் மடங்கல.
வா. வாளில தண்ணி கீது.
லாரித் தண்ணி, பாத்து ஊத்து."

பாயிண்ட்டை விட்டு அசைந்தால் மெமோ.
போனேன்.
தகரக் கதவு. தாழ்ப்பாள் இல்லை.
வெளியே அவள் கதவைப் பிடித்துக்கொண்டு
பாரா நின்றாள்.

உள்ளே இருக்கும்போதே மைக் கூப்பிட்டது:
"பதினேழு, பதினேழு."
ஈரக்கையோடு தடவுவதற்குள்
மோகனசுந்தரத்தின் குரல்:
"பதினேழு ஓகே சார்."
அவன் எப்போது பார்த்தான் என்று
இன்றுவரை கேட்கவில்லை.

வெளியே வந்து நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
"வர்ற வியாழன் மறுபடி உக்கார்றோம்" என்றாள்.
"லீவு போட்டுக்க."

மூன்றே காலுக்குக் கறுப்புக் கண்ணாடிகள் போயின.
சல்யூட் அடித்த கை இறங்குமுன்
சாலையில் ஒன்றுமில்லை.
டைரியில் எழுதினார்கள்:
பந்தோபஸ்து அமைதியாக முடிந்தது.

லீவு கேட்டேன்.
மகளிர் பற்றாக்குறை, மறுக்கப்பட்டது.

புதன் இரவு
பையன் தூங்கிய பிறகு
மோதிரத்தைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டேன்.
பத்து விரல் நகத்தையும்
சதையோடு ஒட்ட வெட்டினேன்.